நாலு கொத்துப் பட்டு நூல்

உங்களில் கவலை ஓட்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது. ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்: கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவுப் பாதை இறங்கும். மாடுகள் அதில் இறங்கினால், கயிற்றில் கட்டிய பெரிய சால் வாளி தண்ணீரோடு மேலே வரும். மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். இப்படி இறக்குவதும் ஏற்றுவதும் காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை ஒரு ஆளுக்கு வேலை. எங்கள் கழனியில் அந்த ஆள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இந்த ஒரு பக்கத்துக்கே எனக்கு ஒரு பொழுது ஆகும். ஆனால் யாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. பிழை இருந்தால் அது என் பிழை. இதில் வருவது என் கண்ணால் பார்த்தது. அதனால் என் கையால்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முடித்த வருஷம், கவலை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். நைனா, என் அப்பா, என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். "ஒரு பயிர் எடுக்கற வரைக்கும்தாம்மா" என்றார். ஒரு பயிர் இரண்டு பயிர் ஆனது. நான் கோபப்படவில்லை. நைனா சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தவள் நான். வரதர் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்து ஜனத்துக்கு நடுவில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குத் தெரிகிறதா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திருப்புட்குழிப் பக்கம் எங்கள் கழனி. அங்கே அப்போது கரண்டுக் கம்பம் வரவில்லை. எண்ணெய் இஞ்சின் வைத்தவர்கள் ஊரில் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பெரியப்பா. கூட்டாக இருந்த கிணறுகளைப் பாகம் பிரித்தபோது நல்ல ஊற்றுக் கிணறு அவர் பக்கம் போய்விட்டது. அதில் அவருக்கும் நைனாவுக்கும் பேச்சு குறைந்திருந்தது. பெரியப்பாவின் இஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சித்திரை மாதம் ஒரு நாள் நைனா காஞ்சிபுரத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஃபிட்டரிடம் பழைய இஞ்சின் ஒன்று இருக்கிறதாம். மீன் பிடிக்கும் படகில் ஓடியதாம். உப்புத் தண்ணீரில் கெட்டுப்போன பாகத்தையெல்லாம் எடுத்துவிட்டு ஃபிட்டர் அதைப் புதிசாகக் கட்டித் தருகிறாராம்.

"படகு இஞ்சினா? நம்ம கெணத்துல மீனு புடிக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"நீ சிரி. ஆனி மாசம் ஸ்கூல் தொறக்கும்போது இவ நாலாங்கிளாஸ்ல ஒக்காந்துக்கினு இருப்பா பாரு" என்றார் நைனா.

அன்றைக்கே நான் வாத்தியாரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என் பெயரை அடிக்கவில்லை என்றும், பள்ளி திறக்கிறவரைக்கும் வைத்திருப்பதாகவும் சொன்னார். அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் மாட்டின் பின்னால் நடந்தபடி எனக்குத் தெரிந்த வாய்ப்பாட்டையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மாடுகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

இஞ்சினைப் பார்க்க நைனா என்னையும் வண்டியில் அழைத்துப் போனார். ஃபிட்டரின் பட்டறை நெசவாளர் தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் தறிச்சத்தம். நடுவில் இவர் சுத்தியல் சத்தம். ஒல்லியான மனிதர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. முன்பு கடற்கரையில் படகு இஞ்சின் வேலை பார்த்தவராம். அவர் கை துடைப்பதற்குப் பஞ்சோ கந்தல் துணியோ வைத்திருக்கவில்லை. தறிகளில் அறுந்து விழுந்த பட்டு நூல்தான் மூலையில் ஒரு குவியலாகக் கிடந்தது. பச்சை, மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. மேலே கறுப்பு ஆயில் பட்ட இடம் போக, உள்ளே விரலை விட்டால் பளபளவென்று வரும்.

"பட்டுல கை தொடைக்கறீங்க?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"ராஜா வூட்டுக் கை இல்ல பாப்பா இது" என்று சிரித்தார். "பஞ்சு மாதிரி ஆயிலைக் குடிக்காது. ஆனா பக்கத்து வூட்ல சும்மா குடுக்கறாங்க. ஒனக்கு வேணுமா?" என்று ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். "இஞ்சினு ஒங்க கொட்டாய்க்கு வந்தா தொடச்சி வெய்யி. தூசி ஒட்ட வுடாத."

என் பாவாடைக்கு அந்தப் பட்டில் ஒரு கரை வைக்க முடியுமா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இஞ்சின் மாட்டு வண்டியில் வந்தது. பாதிதான் மாட்டியிருந்தது. ஒரு சாமான் பட்டணத்திலிருந்து வர வேண்டும், அதுவரை ஆயில் குழாய்களை மாட்ட முடியாது என்று ஃபிட்டர் சொல்லிவிட்டுப் போனார். கிணற்றுப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் பத்து நாள் அது அப்படியே இருந்தது. குழாய் வர வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் திறந்து கிடந்தன.

மூன்றாம் நாளே குளவி வந்துவிட்டது. வாயில் ஈர மண்ணைக் கவ்விக்கொண்டு ஓட்டை ஓட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா கத்தினார்.

"ஏ பொண்ணு, அந்தப் பட்டு நூலு எடுத்துக்கினு வா! இது வூடு கட்டிடப் போவுது!"

நான் நூல் கட்டோடு ஓடினேன். நைனா கையை நீட்ட நீட்ட ஒவ்வொரு கொத்தாகப் பிய்த்துக் கொடுத்தேன். முதலில் பச்சை. அடுத்தது மஞ்சள். அப்புறம் மயில்கழுத்து. நாலாவதாக அரக்கு. அரக்கைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. அதுதான் நல்ல நிறம், பாவாடைக்கு எடுத்து வைத்திருந்தது. நைனா அதை வாங்கி, பக்கவாட்டில் இருந்த பெரிய ஓட்டையில் விரலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். மற்ற மூன்றும் குஞ்சம் மாதிரி வெளியே தெரிந்தன. அரக்கு மட்டும் தெரியவேயில்லை. அது உள்ளே போய்விட்டதே என்றுதான் எனக்குக் கவலை.

பட்டணத்துச் சாமான் வந்ததும் ஃபிட்டர் வந்து குழாய்களை மாட்டினார். அன்றைக்கு நான் மாடு ஓட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகைப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கருட சேவை முடிந்து வந்த புதன்கிழமை நாள் குறித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் இஞ்சினைக் கிளப்பிவிட வேண்டும். நைனா ஊரில் முக்கால்வாசிப் பேரைக் கூப்பிட்டிருந்தார். பெரியப்பாவையும் கூப்பிட்டிருந்தார். அவரும் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். அம்மா இஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, குத்துவிளக்கு ஏற்றினாள். விளக்குக்கு ஊற்ற ஒரு பித்தளைக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய் பக்கத்தில் இருந்தது. மாடுகளைப் புளியமரத்தடியில் கட்டிவிட்டோம். அன்று அவைகளுக்கும் எனக்கும் லீவு.

கிளப்புவதற்கு முன் ஆயில் ஏற்ற வேண்டும் என்றார் ஃபிட்டர். புதிதாகக் கட்டிய இஞ்சின் உள்ளே காய்ந்து கிடக்கும். அடியில் ஊற்றிய ஆயில் குழாய் வழியாக எல்லா இடத்துக்கும் போய், உச்சிக்கு வர வேண்டும். அதைக் காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. ஆனால் படகில் இருக்கும்போதே உப்பேறி அதன் முள் அசையாமல் நின்றுவிட்டது. அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இரும்புக் கைகள் இரண்டிரண்டாக இருக்கும். அவற்றின் நடுவில் கடுகளவு ஒரு துளை. அதில் ஆயில் ஊறி வர வேண்டும்.

"யாருக்குக் கண்ணு நல்லா தெரியும்?" என்று ஃபிட்டர் கேட்டார். நான் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றுவிட்டேன்.

"பார்த்தா மட்டும் பத்தாது பாப்பா. ரெண்டு விரலால தொட்டுப் பாரு. வழவழன்னு வந்தாத்தான் வந்தது. ஆயிலு ஏறாம கெளப்பினோம்னா மூணு நிமிசம். மொதல்ல பாட்டு பாடும். அப்புறம் கத்தும். அப்புறம் செத்துப்பூடும்."

மேலே ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கிவிட்டால் இஞ்சின் கிளம்பாமல் வெறுமனே சுற்றும். ஃபிட்டர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஐம்பது சுற்று. நைனா வாங்கி ஐம்பது சுற்று.

"வந்துச்சா?"

"வரல."

மறுபடி நூறு சுற்று. ஃபிட்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வந்துச்சா பாப்பா?"

"வரலண்ணே. காஞ்சி கெடக்குது."

ஃபிட்டர் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். அடியில் ஆயில் நிறைய இருந்தது. "பம்பு காத்தைப் புடிச்சிக்கினு இருக்குதோ" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, பம்பைத் திறந்து அதற்குள்ளேயே ஆயிலை ஊற்றி மூடினார். மறுபடி சுற்றல். வரவில்லை. பிறகு பம்பிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நைனாவைச் சுற்றச் சொன்னார். அங்கே ஆயில் கொப்புளித்து வந்தது.

"பம்பு நல்லா தள்ளுது" என்று முகத்தைத் துடைத்தார். "இதுவரைக்கும் வருது. மேல போவல. நடுவுல ஏதோ அடச்சிக்கினு இருக்குது." நைனாவைப் பார்த்தார். "அண்ணே, கொளவிக்காக ஓட்டைய அடச்சீங்களே. எத்தினி அடச்சீங்க?"

"மூணு. நீதான எடுத்த?"

"மூணு எடுத்தேன். பச்ச, மஞ்ச, மயில்கழுத்து."

நான் கூடையின் மேலிருந்து சொன்னேன். "நாலு நைனா. நான் நாலு குடுத்தேன். அரக்கு?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு வரப்பில் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அந்த ஒன்ன என் மூக்குல அடச்சிக்கினேன் போ. ஒங்க பெரியப்பன் சுருட்டு நாத்தம் தாங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவே சிரித்துவிட்டார். ஃபிட்டரும் சிரித்தார். நாலு என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

"இன்னிக்கு வாணாம்ணே" என்றார் ஃபிட்டர். "பெரிய கொழாயைக் கழட்டிப் பாக்கணும். பாதி நாள் வேலை. நாளைக்கு நல்ல நேரம் பார்த்து..."

"கப்பலு கரை தட்டிப் போச்சாப்பா?" என்று பெரியப்பா குரல் கொடுத்தார். "நம்ம இஞ்சினுல இருந்து ஒரு வாய்க்கா வெட்டி வுடட்டுமாடா தம்பி?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னும் ஒரு நூறு சுத்து போடலாம்ப்பா. நீ போயி மொகம் கழுவிக்கினு வா."

ஃபிட்டர் தொட்டிப் பக்கம் போனார். அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து, அவர் குவித்த கையில் தண்ணீர் ஊற்றினாள். செம்பை அவர் கையில் கொடுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஊரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

அந்த நேரத்தில் நைனா விளக்குப் பக்கம் குனிந்தார். பித்தளைக் கிண்ணத்தை எடுத்தார். சாமிக்கு எண்ணெய்க் காப்பு போடுகிற மாதிரி, இஞ்சினின் உச்சியில் அந்த இரும்புக் கைகளின் மேல் மெல்ல ஊற்றினார். பார்த்தவர்கள் பூசை என்றுதான் நினைத்திருப்பார்கள். கடுகளவுத் துளை நிறைந்து எண்ணெய் பளபளத்தது. என் மூக்குக்கு நேராக நல்லெண்ணெய் வாசனை.

"நைனா..."

"நூலுதாண்டா கண்ணு" என்றார் மெதுவாக. "நூலு இன்னா பண்ணும்? ஓட ஆரம்பிச்சா ஆயிலே தள்ளி வுட்டுடும். நாலாங்கிளாசு போவணுமா வாணாமா?"

பிறகு சத்தமாக, "வந்துடுச்சிப்பா! வா, வா!"

ஃபிட்டர் ஈரக்கையோடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "எப்பிடிண்ணே? நீங்க சுத்தவே இல்லயே?"

"பத்து சுத்து சுத்தினேன். அடைச்சிக்கினு இருந்தது வுட்டுப்போச்சி."

அவர் நைனாவை நம்பவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, தொட்டுப் பார்த்தியா? நீ சொல்லு."

சொல்லுங்கள், என் வயதுக்காரர்களே. உங்கள் ஒன்பது வயதில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நைனாவின் கை என் தலைமேல் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது, கருட சேவையில் நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பேனே, அந்த மாதிரி. நான் இரண்டு விரலால் தொட்டேன். வழவழவென்றுதான் இருந்தது.

"வந்துச்சி" என்றேன்.

அவ்வளவுதான். அம்மா கற்பூரம் காட்டினாள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஃபிட்டர் சிலுவையைத் தொட்டுக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றி, வேகம் வந்ததும் நெம்புகோலை இறக்கினார். டப், டப், என்று இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அது பாடிற்று. நிஜமாகவே பாடிற்று. பெரியப்பாவின் இஞ்சின் மாதிரித் தனித்தனியாக அடிக்காமல் ஒரே இழையாக ஓடியது. குழாய் குலுங்கியது, காற்றைத் துப்பியது, துருத் தண்ணீரைத் துப்பியது, அப்புறம் வெள்ளையாகத் தண்ணீர் வந்து விழுந்தது. சால் சாலாக விட்டு விட்டு வருவது இல்லை, நிற்காமல் வருகிற தண்ணீர். பிள்ளைகள் வாய்க்காலில் குதித்தார்கள். பெரியப்பா சுருட்டைக் கீழே போட்டார். நைனா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புளியமரத்தடியில் நின்ற மாடுகளைப் பார்த்தேன். இனிமேல் உங்களுக்கு வாய்ப்பாடு சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன்.

ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று கையை வீசிக்கொண்டு இஞ்சினிடம் ஓடினார். அதற்குள் சத்தம் மாறிவிட்டது. இரும்பை இரும்பில் தேய்க்கிற ஒரு கிறீச்சல். பல் கூசியது. பிறகு ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. குழாயில் இருந்த தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் சொட்டியது.

ஃபிட்டர் ஹேண்டிலைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மேல்மூடியைத் திறந்தார். உச்சியில் விரலை வைத்தார். மூக்கில் வைத்தார். விளக்கைத் திரும்பிப் பார்த்தார். பித்தளைக் கிண்ணம் காலியாக இருந்தது. அதை அம்மாவும் பார்த்தாள். நிறைத்து வைத்தவள் அவள்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயசப் பானை பக்கம் போய்விட்டாள்.

"இது நல்லெண்ண" என்றார் ஃபிட்டர்.

நைனா முந்திக்கொண்டார். "பார்த்துச் சொன்னவ இவ. எனக்கு இன்னா தெரியும்? பச்சப்புள்ள பேச்சக் கேட்டு நீ கெளப்பிட்ட. எந்த எண்ண இன்னா எண்ணன்னுகூட தெரியாத புள்ள."

என்னைக் கீழே இறக்கிவிட்டபடியே அதைச் சொன்னார்.

மறுநாள் ஃபிட்டர் தானாகவே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தன் வேலையில் எங்கே தப்பு என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. பெரிய குழாயைக் கழற்றி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். வந்தது. ஆயிலில் ஊறி, சூட்டில் கருகி, ஒரு செத்த அணில் குஞ்சு மாதிரி. ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் போகவில்லை. அரக்கு.

வேடிக்கை பார்க்க ஊர் வந்திருந்தது. பெரியப்பாவும் இருந்தார். நைனா அந்த நூலை ஃபிட்டர் கையிலிருந்து வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"பார்த்துக்கோங்கப்பா. பட்டு நூலு! எங்க கழனில நெல்லு வெளையுது, பட்டா வெளையுது? யாரு பட்டறைல பட்டு நூலு கெடக்குது? கை தொடச்சிட்டு உள்ளயே வெச்சி மூடிட்டான்!"

"அதான பார்த்தேன்" என்று யாரோ சொன்னார்கள். "அவனுங்க கிட்டல்லாம் குடுத்தா இப்பிடித்தான்" என்று இன்னொருவர். ஃபிட்டர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். அவர் சொன்னால் அங்கே யார் கேட்கப் போகிறார்கள்? அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான் கூட்டத்துக்கு நடுவில் வந்து சொன்னேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

"அது நான் குடுத்த நூலு. நாலாவது நூலு. நைனாதான் கொளவிக்காக உள்ள வெச்சாரு. எண்ணயும் நைனாதான் ஊத்தினாரு."

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊருக்கே விளங்கியிருக்கும். கோபப்படக்கூட இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்த முகமாகவே சொன்னார்.

"நேத்து வந்துச்சின்னு சொன்ன வாயிதானே இது? எது நெசம்னு நீயே சொல்லும்மா."

அவ்வளவுதான். நான் அவருக்காகச் சொன்ன பொய்யை எடுத்து, நான் சொன்ன நிஜத்தின் தலையில் போட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. "பொம்பளப்புள்ள வாயி" என்றார் பெரியப்பா. தம்பியோடு அவர் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

ஃபிட்டர் தன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார். எங்கள் நூலில் துடைக்கவில்லை, வேட்டி நுனியில் துடைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் போகும்போது என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாலுன்னு மொதல்லயே சொன்ன பாப்பா நீ" என்றார். "நாந்தான் சிரிச்சிட்டேன்."

அந்த மனிதருக்கு நான் பொய் சொல்லியிருந்தேன். அவர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்கள் பக்கத்துக் கழனிகளுக்கு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பட்டறையை எடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கமே போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. மணிச் சத்தம் கிணற்று மேடு வரைக்கும் கேட்கும். நான் மாட்டை இறக்கினேன், ஏற்றினேன். வாய்ப்பாடு சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு வாத்தியார் பெயரை அடித்துவிட்டதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நாலு வருஷம் கழித்துக் கரண்டு வந்தது, மோட்டார் வந்தது. அதற்குள் எனக்குப் பள்ளிக்கூட வயதும் போய்விட்டது. படகு இஞ்சின் கொட்டகையிலேயே கிடந்தது. அதன் எல்லா ஓட்டைகளிலும் குளவி வீடு கட்டிக்கொண்டது. ஒரு நாள் பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிப் போனான். அந்த அரக்கு நூலை மட்டும் நான் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தேன். கொட்டகைக்கு மறுகூரை போட்டபோது அந்த டப்பாவும் எங்கேயோ போய்விட்டது.

நைனாவுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "ஒரு இஞ்சினயே முழுங்கின வாயி இவ வாயி!" என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். நான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் ஆகியும் சில வருஷம் என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாட்டின்போது "இஞ்சினு முழுங்கினவளே, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பார். பிறகு ஒரு நாள் நான் நடந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் அப்படிக் கூப்பிடவில்லை.

நைனாவின் கடைசிக் காலத்தில் அவர் என் வீட்டில்தான் இருந்தார். எனக்குப் பின்னால் பிறந்த தம்பிகளின் வீட்டில் அவருக்கு ஒத்துவரவில்லை. நான்தான் சாப்பாடு போட்டேன், வெந்நீர் வைத்தேன். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதில் யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது. நாங்கள் அந்த இஞ்சினைப் பற்றிப் பேசியதேயில்லை. கதை சொல்வதையும் அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

ஒரு மத்தியானம். ரசம் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு நீ எத்தினி கொத்து நூலு குடுத்த?"

அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் நெஞ்சு அந்தக் கூடைமேல் ஏறி நின்றது.

"நாலு நைனா."

அவர் கொஞ்ச நேரம் மென்றார். மெல்ல ஒன்றுமில்லாத ரசம் சோற்றை மென்றார். நான் காத்திருந்தேன். மழை வரும் வரும் என்று கழனியில் நின்று காத்திருக்கிற மாதிரி காத்திருந்தேன்.

"மூணுதான்" என்றார். தண்ணீருக்குக் கையை நீட்டினார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். செம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவராகத்தான் எடுத்தார். அப்படியென்றால் அத்தனை வருஷமும் அவர் அதை எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்று, கேட்டவர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மறந்துபோய் மூன்று என்று சொன்னார் என்றால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

பச்சை. மஞ்சள். மயில்கழுத்து. அரக்கு.

எண்ணிக்கொள்ளுங்கள்.